எருசலேமின் இரண்டாம் ஆலயம் அழிந்ததற்கு ரோமை விட்டுவிட்டு யூதர்கள் தங்களையே ஏன் குறை சொன்னார்கள்?

தாமிரபரணி:
கி.பி. 70இல் ரோமத் தளபதி தீத்துவின் படை எருசலேமைப் பிடித்து ஆலயத்தை எரித்தது. ஏழு கிளை விளக்குத்தண்டை வீரர்கள் தூக்கிக்கொண்டு போகும் சிற்பத்தை ரோமில் தீத்துவின் வளைவில் இன்றும் பார்க்கலாம். அதுவரை பிரச்சினை இல்லை.

எனக்குப் புரியாதது, யூதர்களின் பழைய சட்ட, விளக்க நூலான தால்முத்தில் யோமா என்ற பகுதியில் வரும் ஒரு பதில். முதல் ஆலயம் ஏன் அழிந்தது? சிலை வழிபாடு, முறைகேடான உறவு, கொலை. சரி, இரண்டாம் ஆலயக் காலத்து ஜனங்கள் தோரா (மோசேயின் ஐந்து ஆகமங்கள்) படித்தார்கள், கட்டளைகளைக் கைக்கொண்டார்கள், தருமமும் செய்தார்கள். அப்படியிருந்தும் அது ஏன் அழிந்தது? அவர்களுக்குள் காரணமில்லாத பகை இருந்ததாம். இந்த ஒன்று அந்த மூன்று பாவங்களுக்கும் சமம் என்று வேறு சேர்த்துச் சொல்கிறார்கள்.

கொளுத்தியவன் ரோமன். பழியைத் தூக்கித் தங்கள் தலையில் வைத்துக்கொள்வது எதற்கு? படித்தவர்கள் யாராவது விளக்குங்கள்.

ஏட்டுப்புழு:
நல்ல கேள்வி. யோமா சொல்வது தீர்ப்பு மட்டும்தான். வழக்கு என்ன என்று பார்க்க அதே தால்முத்தின் கித்தீன் பகுதிக்குப் போக வேண்டும். அங்கே கம்சா, பார் கம்சா கதை இருக்கிறது.

எருசலேமில் ஒருவன் விருந்து வைக்கிறான். அவனுக்குக் கம்சா நண்பன், பார் கம்சா எதிரி. கம்சாவை அழைத்து வரச் சொல்லி அனுப்பிய வேலைக்காரன் பெயர்க் குழப்பத்தில் பார் கம்சாவைக் கூட்டிவந்துவிடுகிறான். வந்து உட்கார்ந்தவனை "எழுந்து போ" என்கிறான் வீட்டுக்காரன். "வந்துவிட்டேன், அவமானப்படுத்தாதே. நான் சாப்பிடுவதற்குக் காசு தந்துவிடுகிறேன்" என்கிறான் இவன். முடியாது. "பாதி விருந்துச் செலவைத் தருகிறேன்." முடியாது. "முழு விருந்துக்கும் நானே தருகிறேன்." அதற்கும் முடியாது. கையைப் பிடித்து இழுத்து வெளியே தள்ளிவிடுகிறான்.

பார் கம்சா மனம் கொதித்தது வீட்டுக்காரன் மீது மட்டுமல்ல. பெரிய ரபிகள் (யூத மத அறிஞர்கள்) அந்தப் பந்தியில் உட்கார்ந்திருந்தார்கள், ஒருவரும் வாய் திறக்கவில்லை. அப்படியானால் அவர்களுக்கும் இது சம்மதம்தானே என்று முடிவு கட்டுகிறான். நேராக ரோமச் சக்கரவர்த்தியான இராயனிடம் போய் "யூதர்கள் உனக்கு எதிராகக் கிளம்பிவிட்டார்கள், நம்பாவிட்டால் ஒரு பலியை அனுப்பிப் பார், செலுத்துகிறார்களா என்று" என்கிறான். இராயன் கன்றுக்குட்டியை அனுப்புகிறான். வழியில் இவனே அதற்குச் சின்னதாக ஓர் ஊனம் செய்துவிடுகிறான். ரோமருக்கு அது ஊனமே இல்லை, யூதச் சட்டப்படி அந்தக் கன்றைப் பலியிட முடியாது.

அரசோடு சமாதானம் முக்கியம், செலுத்திவிடலாம் என்று மற்ற ரபிகள் நினைத்தார்கள். செக்கரியா பென் அவ்கோலாஸ் என்ற ஒருவர் "ஊனமான பலியைச் செலுத்தலாம் என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்களே" என்று தடுத்தார். சரி, இந்த ஆளையாவது முடித்துவிடலாமா என்றார்கள். அதற்கும் அவர் ஒப்பவில்லை. அந்த மனிதரின் அதீத தயக்கமே நம் வீட்டைச் சுட்டெரித்தது என்று பிற்காலத்தில் ரபி யோஹனான் சொன்னதாக வரும்.

கவனியுங்கள், இந்தக் கதையில் தப்பித்தவர் யாருமில்லை. வீட்டுக்காரன், காட்டிக்கொடுத்தவன், பேசாமல் சாப்பிட்ட பெரியவர்கள், சட்டத்தைப் பிடித்துக்கொண்ட அறிஞர், எல்லாரும் மாட்டுகிறார்கள். இதை எழுதி வைத்ததே ரபிகள்தான்.

சும்மா_ஒருவன்:
முழு விருந்துச் செலவும் தருகிறேன் என்றும் எழுப்பி விட்டானா! அந்த வீட்டில் கல்யாணத்துக்குப் போனால் சம்மணம் போட்டே உட்காரக் கூடாது போலிருக்கிறது.

வரலாற்றுக்கிறுக்கன்:
கதை பிரமாதம். ஆனால் போர் விருந்தில் தொடங்கவில்லை. 66ஆம் ஆண்டில் ரோம ஆளுநர் ஃப்ளோரஸ் ஆலயக் கருவூலத்தில் கைவைத்து 17 தாலந்து எடுத்ததும், அதன் பிறகு நடந்த கொலைகளும் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணம் என்று அக்கால யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் எழுதுகிறார். அவர் அந்தப் போரில் முதலில் யூதத் தளபதி, பிடிபட்ட பின் ரோமர் பக்கம், ஆகவே அவரையும் கொஞ்சம் தள்ளி நின்றே படிக்க வேண்டும். கடைசி முற்றுகைக்குத் தீத்து நான்கு லெஜியன்களோடு (ரோமப் பெரும் படைப்பிரிவுகள்) வந்தான். எவ்வளவு அன்பாக இருந்தாலும் நான்கு லெஜியன் நான்கு லெஜியன்தான்.

அதே சமயம் உள்சண்டை கட்டுக்கதை இல்லை. நகருக்குள் மூன்று கோஷ்டி: கிஸ்காலா யோவான், சீமோன் பார் கியோரா, எலெயாசர் பென் சீமோன். ரோமர் மதிலுக்கு வெளியே நிற்கும்போது இவர்கள் உள்ளே ஒருவரை ஒருவர் வெட்டிக்கொண்டார்கள். நகரத்தின் தானியக் கிடங்குகளை அவர்களே கொளுத்தினார்கள். பஞ்சம் வந்தது அதனால்தான்.

ஏட்டுப்புழு:
கிடங்கு எரிந்தது கித்தீனிலும் இருக்கிறது. மூன்று செல்வந்தர்கள் சேர்த்து வைத்திருந்த கோதுமையும் எண்ணெயும் விறகும் 21 வருடத்துக்குக் காணும் என்கிறது. சமாதானம் பேசலாம் என்று ரபிகள் சொன்னபோது, முரடர் கூட்டம் சண்டைக்குத் தள்ளுவதற்காகவே அதைக் கொளுத்தியது. 21 வருடம் என்பது கதைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றபடி உங்கள் ஜோசிபஸும் தால்முத்தும் ஒரே விஷயத்தைத்தான் சொல்கின்றன.

தாமிரபரணி கேட்டதற்கு வருகிறேன். ரபி யோஹனான் பென் சக்காயைச் சவப்பெட்டியில் வைத்து வெளியே கடத்திக் கொண்டு போனார்கள். அந்த யோசனையைச் சொன்னதே முரடர் தலைவனும் அவருடைய அக்காளோ தங்கையோ பெற்ற மகனுமான அப்பா சிக்ரா. எதிர்ப் பக்கத்து மருமகன் மாமனைக் காப்பாற்றுகிறான், அதையும் பதிவு செய்திருக்கிறார்கள். யோஹனான் பென் சக்காய் தீத்துவின் தகப்பன் வெஸ்பாசியனிடம் கேட்டது எருசலேமை அல்ல, யாவ்னே என்ற சின்ன ஊரையும் அங்கிருந்த அறிஞர்களையும்.

ஆலயம் போன பிறகு அங்கே உட்கார்ந்து இனி எப்படி வாழ்வது என்று யோசித்த கூட்டத்துக்கு ரோமனைத் திருத்தும் வேலை கையில் இல்லை. தங்களைத் திருத்தும் வேலை இருந்தது. 'யார் எரித்தான்' என்ற கேள்விக்கு அவர்களுக்கே பதில் தெரியும். அவர்கள் கேட்டது வேறு கேள்வி என்பது என் வாசிப்பு.

பாளை_மேரி:
நாங்கள் ஞாயிறுதோறும் கேட்கும் வசனம் இந்த இழையில் இன்னும் வரவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். "உன்னில் நீ அன்புகூருவதுபோல் பிறனிலும் அன்புகூருவாயாக" என்பது லேவியராகமம் 19:18. இயேசு அதை எடுத்துச் சொன்னார், மூலம் தோராதான்.

அதற்கு முந்தின வசனத்தை யாரும் சேர்த்து வாசிப்பதில்லை. உன் சகோதரனை உள்ளத்தில் பகைக்காதே, அவனைக் கடிந்துகொள் என்று இருக்கும். உள்ளே வைத்துப் புழுங்காமல் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடு என்கிற மாதிரி. அந்தப் பந்தியில் வாய் மூடி உட்கார்ந்திருந்த ரபிகள் இந்த வசனத்தை மறந்துவிட்டார்கள் போல.

ஒரு சந்தேகம். "உன் ஜனப்புத்திரர்" என்றுதானே அந்த வசனம் தொடங்குகிறது. அப்படியானால் இந்த அன்பு யூதர்களுக்குள் மட்டும்தானா? ஏட்டுப்புழு ஐயா சொல்லுங்கள்.

ஏட்டுப்புழு:
அக்கா, மழுப்பாமல் சொல்கிறேன். சட்டமாக எடுத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் சமூகத்துக்குள்ளே என்றே வாசித்தார்கள். 12ஆம் நூற்றாண்டின் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடீஸும் அப்படித்தான் எழுதினார். அதே அதிகாரத்தின் 34ஆம் வசனம் அந்நியனையும் உன்னைப்போல் நேசி, நீங்களும் எகிப்தில் அந்நியராக இருந்தீர்களே என்கிறது. பிற்கால ரபிகள் அந்த அந்நியனை யூத மதத்துக்கு மாறி வந்தவர் என்று சுருக்கிக்கொண்டதும் உண்டு.

ஆனால் இதன் மேல் 2ஆம் நூற்றாண்டிலேயே ஒரு வாதம் நடந்திருக்கிறது. "பிறனை நேசி" என்பதே தோராவின் பெரிய விதி என்றார் ரபி அக்கிவா. பென் அசாய் ஒத்துக்கொள்ளவில்லை. ஆதியாகமம் 5ஆம் அதிகாரத்தின் தொடக்கம், "ஆதாமின் வம்சவரலாறு", மனிதனைத் தேவன் தம் சாயலாகப் படைத்தார் என்பதே அதைவிடப் பெரிய விதி என்றார். ஒருவர் பக்கத்து வீட்டிலிருந்து தொடங்குகிறார், மற்றவர் மனித இனத்திலிருந்து. தால்முத்துக்கு அடிப்படையான சட்டத் தொகுப்பு மிஷ்னாவிலும் ஓரிடம் இருக்கிறது: முதலில் ஒரே ஒரு மனிதனைப் படைத்தது ஏன்? "என் தகப்பன் உன் தகப்பனைவிட உயர்ந்தவன்" என்று ஒருவரும் சொல்லக் கூடாது என்பதற்காக. எனக்குப் பென் அசாய்தான் பிடிக்கும். ஆனால் மேற்கோளாக ஊரெல்லாம் சுற்றுவது அக்கிவாதான்.

சும்மா_ஒருவன்:
சரி, ஒரு நேரான கேள்வி. என்னை நேசிப்பதுபோல இன்னொருத்தரை யாரால் நேசிக்க முடியும்? கட்டளை போட்டால் மனசு கேட்குமா?

ஏட்டுப்புழு:
13ஆம் நூற்றாண்டில் நாக்மனிடீஸ் என்ற ரபி கேட்டதும் இதையேதான். மனித மனம் அதைத் தாங்காது என்று ஒப்புக்கொண்டு, உனக்கு வேண்டும் என்று நினைக்கிற நன்மையெல்லாம் அவனுக்கும் வரட்டும் என்று பொறாமையில்லாமல் விரும்பு, அதுவே போதும் என்கிறார். மைமோனிடீஸ் இன்னும் இறங்கி வருகிறார். அவனைப் பற்றி நல்லதாகப் பேசு. உன் பணத்தைப் பார்ப்பதுபோல அவன் பணத்தையும், உன் மானத்தைப்போல அவன் மானத்தையும் பார்த்துக்கொள்.

இன்னொரு சட்டம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வழியில் இரண்டு கழுதைகள். நண்பனின் கழுதை சுமையோடு விழுந்து கிடக்கிறது, சுமையை இறக்க வேண்டும். எதிரியின் கழுதைக்குச் சுமை ஏற்ற வேண்டும். யாருக்கு முதலில் கை கொடுப்பது? இறக்குவதுதான் பொதுவாக முதல், ஏனென்றால் விலங்கு வலியில் கிடக்கிறது. இருந்தாலும் பாபா மெத்சியா பகுதி எதிரியிடம் முதலில் போ என்கிறது, உன் சுபாவத்தை அடக்குவதற்காக. பிடித்தால் உதவு என்று சொல்லவில்லை. உதவு, பிடிப்பது அப்புறம் வரட்டும்.

வரலாற்றுக்கிறுக்கன்:
அதே பாபா மெத்சியாவில் உங்கள் அக்கிவாவின் இன்னொரு முகமும் இருக்கிறதே, அதை விட்டுவிட்டீர்கள். பாலைவனத்தில் இரண்டு பேர், ஒருவன் கையில் மட்டும் ஒரு குடுவைத் தண்ணீர். இருவரும் குடித்தால் இருவரும் சாவார்கள், ஒருவன் குடித்தால் ஊர் போய்ச் சேரலாம். பென் பெத்தூரா, இருவரும் குடித்துச் சாகட்டும், ஒருவன் சாவதை மற்றவன் பார்க்க வேண்டாம் என்றார். அக்கிவா, உன் உயிரே முந்தியது என்றார். பிறனை நேசி என்பதைப் பெரிய விதி ஆக்கியவர் சொன்ன தீர்ப்பு இது.

பாளை_மேரி:
எனக்கு இது ஒப்பவே இல்லை. பென் பெத்தூரா பக்கம்தான் நான்.

தாமிரபரணி:
மேரி அக்கா, அதையும் யோசியுங்கள்: பென் பெத்தூரா சொன்னபடி செய்தால் பாலைவனத்தில் இரண்டு பிணம். அன்பு என்று சொல்லி ஓர் உயிரைக் கூடுதலாகக் கொல்வதா? "உன்னைப்போல" என்றால் உன்னைவிட அதிகமாக இல்லை என்றுதானே ஆகிறது. அக்கிவா கணக்குச் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

பாளை_மேரி:
கணக்குச் சரி தம்பி. கணக்குப் போட்ட இடம்தான் எனக்கு உறுத்துகிறது. விடுங்கள், நான் மாற மாட்டேன்.

வரலாற்றுக்கிறுக்கன்:
அக்கிவா பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவருக்கு 12,000 ஜோடி மாணவர்கள், அதாவது 24,000 பேர், பஸ்காவுக்கும் ஏழு வாரம் கழித்து வரும் வாரங்களின் பண்டிகைக்கும் இடையில் இறந்துபோனார்கள் என்று யெவாமோத் பகுதியில் வருகிறது. காரணம்? ஒருவரை ஒருவர் மரியாதையாக நடத்தவில்லை. கொள்ளைநோய் என்கிறது தால்முத். 132 முதல் 135 வரை ரோமருக்கு எதிராக நடந்த பார் கோக்பா கிளர்ச்சியில் செத்தவர்களின் நிழல் இது என்று நினைக்கும் ஆய்வாளர்களும் உண்டு. இன்றும் பக்தியுள்ள யூதர்கள் அந்த வாரங்களில் கல்யாணம் வைப்பதில்லை, முடி வெட்டுவதில்லை. 33ஆம் நாளில் பலர் தளர்த்திக்கொள்வார்கள், இஸ்ரேலின் மெரோன் மலையில் தீ மூட்டிக் கொண்டாடுவார்கள். அன்பைப் போதித்த ஆசிரியரின் சொந்த வகுப்பிலேயே இந்த நிலைமை.

தாமிரபரணி:
அப்படியானால் ஒற்றுமை என்று இவர்கள் சொல்வது எதை? எல்லாரும் ஒரே கருத்து வைத்துக்கொள்வதையா? தால்முத்தைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் சண்டையாக இருக்கிறது.

ஏட்டுப்புழு:
இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் வந்துவிட்டது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரபிகளின் இரண்டு அணிகளான ஹில்லேல் பள்ளியும் ஷம்மாய் பள்ளியும் நூற்றுக்கணக்கான விஷயங்களில் மோதின. எந்த மணம் செல்லும், எது செல்லாது என்பதிலும் கூட. அதாவது ஒரு பள்ளியின் கணக்கில் மற்றவர்களுடைய சில பிள்ளைகள் முறை தவறிப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். இருந்தும் ஒருவர் வீட்டில் ஒருவர் பெண் எடுப்பதை நிறுத்தவில்லை என்கிறது மிஷ்னா. தால்முத் கொடுக்கும் ஒரு விளக்கம், சிக்கலான இடம் என்றால் ஒருவருக்கொருவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள் என்பது. கருத்தை யாரும் விட்டுக்கொடுக்கவில்லை, எதிராளியின் கருத்துக்கு இடம் வைத்து நடந்துகொண்டார்கள்.

மூன்று வருடம் வாதாடிய பின் வானத்திலிருந்து ஒரு குரல் வந்ததாம்: இரண்டுமே உயிருள்ள கடவுளின் சொற்கள்தாம், ஆனால் சட்டம் ஹில்லேல் பள்ளியின்படி. இரண்டும் சரி என்றால் இவர்களுக்கு மட்டும் ஏன் அந்தப் பெருமை? அவர்கள் சாதுவானவர்கள், பொறுமைசாலிகள். தங்கள் கருத்தோடு எதிராளியின் கருத்தையும் கற்பித்தார்கள், அதுவும் எதிராளி சொன்னதை முதலில் சொன்னார்கள். வாதம் வலுவாக இருந்தது என்பதற்காகத் தீர்ப்புக் கிடைக்கவில்லை, பாருங்கள்.

எதிர்வாதம் இல்லாமல் தவித்தவரும் உண்டு. எப்போதும் எதிர்வாதம் செய்யும் தோழர் ரெஷ் லக்கீஷ் செத்தபின் ரபி யோஹனானுக்கு (சவப்பெட்டியில் போன பென் சக்காய் இல்லை, பல தலைமுறை பிந்தியவர்) ஆறுதலாக எலெயாசர் பென் பெதாத் என்ற அறிஞரை அனுப்பினார்கள். அவர் ஒவ்வொரு கருத்துக்கும் "உங்களுக்கு ஆதாரம் இருக்கிறது" என்று எடுத்துக் கொடுத்தார். யோஹனான் எரிச்சலாகிவிட்டார். ரெஷ் லக்கீஷ் இருந்தால் 24 ஆட்சேபம் எழுப்புவான், நான் 24 பதில் சொல்வேன், விஷயம் விரியும். நான் சொன்னது சரி என்று எனக்கே தெரியாதா, நீ வேறு சொல்ல வேண்டுமா? அப்படியே புலம்பிப் புலம்பி இறந்தார். இதில் கொடுமை, ரெஷ் லக்கீஷின் பழைய கொள்ளைக்காரத் தொழிலைச் சபையில் குத்திக்காட்டி அவரை நோயில் தள்ளியதே இந்த யோஹனான்தான்.

வரலாற்றுக்கிறுக்கன்:
அழகான பக்கம். மறுபக்கம்: எருசலேம் தால்முத்தில், ஒரு வாக்கெடுப்பின்போது ஷம்மாய் பள்ளியினர் கீழே வாளோடு நின்று ஹில்லேல் பள்ளியினரைக் கொன்றார்கள் என்றே இருக்கிறது. 1772இல் வில்னாவின் பெரிய அறிஞர் எலியா ஆதரவோடு, யூதப் பக்தி இயக்கத்தினரான ஹசீதியர்களைச் சமூக விலக்கு செய்தார்கள், அவர்கள் எழுத்துகளைக் கொளுத்தினார்கள். 1798இல் ஹசீதியத் தலைவர் ஷ்னெயுர் சல்மான் ரஷ்யச் சிறைக்குப் போனார், புகார் கொடுத்தவர்கள் யூத எதிரணியினர். பார் கம்சா கதையைப் படித்தே வளர்ந்தவர்கள் அதையே திரும்பச் செய்தார்கள்.

ஏட்டுப்புழு:
மறுக்கவில்லை. அந்தச் சல்மான்தான் சிறைக்குப் போவதற்கு இரண்டு வருடம் முன்பு அச்சான தன் நூலில் சக யூதரை நேசிப்பது பற்றித் தனி அதிகாரமே எழுதியவர் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 20ஆம் நூற்றாண்டில் ரபி கூக், காரணமில்லாத பகையால் அழிந்தோமென்றால் காரணமில்லாத அன்பால் கட்டுவோம் என்று எழுதினார். எனக்கு அந்த வாக்கியத்தைவிட அவர் செய்தது முக்கியம்: 1913இல் சில ரபிகளைச் சேர்த்துக்கொண்டு, மத அனுஷ்டானத்தை விட்டுவிட்ட கலிலேயாக் குடியேற்றங்களுக்கு ஊர் ஊராகப் போனார். கூப்பிடாதவர்கள் வீட்டுக்கு.

கொச்சிக்காரன்:
இருபது வருடமாக எர்ணாகுளத்தில் இருக்கிறேன், ஆகவே பக்கத்துக் கதையைச் சொல்கிறேன். மட்டாஞ்சேரி பரதேசி ஜெபஆலயம் 1568இல் கட்டியது. சுற்றுலா வழிகாட்டி நீலத் தரை ஓட்டைக் காட்டுவார், விளக்குகளைக் காட்டுவார். யார் எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்ல மாட்டார்.

பரதேசி யூதர்கள், அதாவது வெளிநாட்டிலிருந்து பின்னால் வந்து குடியேறியவர்கள், அவர்களுக்கு முன்பிருந்தே இங்கே வாழ்ந்த மலபார் யூதர்களோடு பெண் கொடுத்து எடுக்கவில்லை. விடுதலை பெற்ற அடிமைகளின் வம்சம் என்று ஒதுக்கப்பட்டவர்கள் ஜெபஆலயத்துக்குள் பெஞ்சில் உட்கார முடியாது, தோரா வாசிக்க அழைக்க மாட்டார்கள். 16ஆம் நூற்றாண்டிலேயே எகிப்தில் இருந்த ரபி தாவீது இபன் சிம்ராவுக்குக் கொச்சியிலிருந்து இது பற்றிக் கேள்வி போயிருக்கிறது. முறைப்படி முழுக்குச் சடங்கு நடந்துவிட்டால் அவர்கள் எல்லாரையும் போல யூதர்கள், மணம் செய்யலாம் என்று பதில் வந்தது. அந்தப் பதிலை இங்கே யாரும் மதிக்கவில்லை.

ஆபிரகாம் பராக் சேலம் (1882–1967) அந்த ஒதுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர், சென்னையில் படித்து வழக்கறிஞர் ஆனவர். காந்தியின் வழியில் சொந்த ஜெபஆலயத்துக்குள்ளேயே சத்தியாகிரகம் செய்தார். 'யூத காந்தி' என்று பெயர். தடைகள் கொஞ்சம் கொஞ்சமாகவே விலகின. ஆனால் ஒன்று: கூட்டத்தை விட்டுப் போய் வேறு ஜெபஆலயம் கட்டாமல் அங்கேயே நின்றார். ஒற்றுமை என்றால் எனக்கு அவர்தான் ஞாபகம் வருவார், அவரை வெளியே வைத்தவர்கள் இல்லை.

பாளை_மேரி:
சேலம் பற்றி இப்போதுதான் தெரிந்துகொள்கிறேன். லேவியராகமம் 19:17ஐ அப்படியே செய்திருக்கிறார், முகத்துக்கு நேராக.

தாமிரபரணி:
இஸ்ரேலிலும் எத்தியோப்பிய யூதர்களுக்கு இப்படித்தானே நடந்தது? 1991 மே மாதம் ஏறக்குறைய 36 மணி நேரத்தில் 14,000 பேருக்கு மேல் விமானத்தில் கொண்டுவந்தார்கள். இருக்கைகளைக் கழற்றிவிட்டு ஒரே விமானத்தில் ஆயிரம் பேருக்கு மேல் ஏற்றினார்கள். "இஸ்ரவேலர் எல்லாரும் ஒருவருக்கொருவர் பிணை" என்ற தால்முத் வாக்கியத்துக்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அதற்கு முன்பு 1984–85இல் வந்தவர்களிடம் மதத் தலைமை, மதம் மாறுவோர் செய்யும் முழுக்குச் சடங்கை அடையாளமாகக் கேட்டது, அவர்கள் தெருவில் இறங்கிப் போராடினார்கள். 1996இல் அவர்கள் கொடுத்த இரத்தத்தை இரகசியமாகக் கொட்டிவிட்டார்கள் என்று தெரிந்து பெரிய கலவரமே ஆனது.

தூக்கிக்கொண்டு வருவது சுலபம், பக்கத்தில் உட்கார வைப்பதுதான் கஷ்டம் போலிருக்கிறது.

சும்மா_ஒருவன்:
எல்லாம் சரி. சண்டை போட்டாயிற்று, அவமானப்படுத்தியாயிற்று. அப்புறம் என்ன செய்யச் சொல்கிறார்கள்? யோம் கிப்பூர் (பாவநிவிர்த்தி நாள்) அன்று பட்டினி கிடந்தால் கணக்குத் தீர்ந்துவிடுமா?

ஏட்டுப்புழு:
தீராது. மனிதனுக்கும் கடவுளுக்கும் இடையிலான பாவத்தைத்தான் அந்த நாள் தீர்க்கும்; மனிதனுக்கும் மனிதனுக்கும் இடையிலானதை, அவனைச் சமாதானப்படுத்தும்வரை தீர்க்காது என்று மிஷ்னா நேராகவே சொல்கிறது. மைமோனிடீஸ் வழிமுறையே எழுதி வைத்திருக்கிறார். போய்க் கேள். மன்னிக்காவிட்டால் அவனுடைய நண்பர்கள் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு போ. இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை. அதற்கு மேலும் மறுத்தால் விட்டுவிடு, இனி பாவி அவன். புண்பட்டவர் உன் ஆசிரியர் என்றால் மட்டும் இந்தக் கணக்குக் கிடையாது, ஆயிரம் தடவை ஆனாலும் போக வேண்டும்.

சும்மா_ஒருவன்:
ஆள் செத்துவிட்டால்?

ஏட்டுப்புழு:
அதற்கும் எழுதியிருக்கிறார். பத்துப் பேரைக் கூட்டிக்கொண்டு கல்லறைக்குப் போய், கடவுளுக்கும் இன்னாருக்கும் விரோதமாக இன்னது செய்தேன் என்று அவர்கள் முன்னால் சொல்ல வேண்டும். பணம் பாக்கி இருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். வாரிசு யார் என்று தெரியாவிட்டால் நீதிமன்றத்தில் கட்டிவிட்டு அங்கேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.